பிள்ளை வேறு கொடி பிடிக்கும்போது

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான். வீட்டில் எல்லாரும் சென்னை ரசிகர்கள். கிரிக்கெட்டில் சூப்பர் கிங்ஸ், கால்பந்தில் சென்னையின் எஃப்சி. மகனுக்கு 13 வயது, பாலக்காட்டில் ஒரு பள்ளியில் எட்டாவது படிக்கிறான். போன வருஷத்திலிருந்து அவன் கொச்சியின் கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் பக்கம் போய்விட்டான். சென்னையும் பிளாஸ்டர்ஸும் மோதிய அன்று, அப்பாரு (தாத்தா) பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பிளாஸ்டர்ஸுக்குக் கை தட்டினான். பெரியவர் "சோறு இங்க, கொடி அங்கயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தோற்கிற நாளில் பையன் சாப்பிடுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான். இன்னும் இரண்டு வருஷத்தில் பத்தாவது, இதையெல்லாம் மொத்தமாக நிறுத்திவிடலாம் என்கிறார் அவன் அம்மா. அவனோ கொச்சிக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். எங்கே தவறவிட்டோம், இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் இரண்டிலும் பிள்ளைகள் உள்ள பள்ளி. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இப்போது 17 வயது. எங்கள் வீட்டிலும் மாமனாரில் தொடங்கி எல்லாருக்கும் பந்துப் பைத்தியம். அதனால் இதை ஆசிரியையாகவும் அம்மாவாகவும் சேர்த்தே யோசித்திருக்கிறேன்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. பையன் வேறு அணிக்குப் போனதை விட்டுவிடுங்கள். அவனோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அணியா, அந்த சோபாவா என்று வந்தால் சோபாவைக் காப்பாற்றுங்கள். நான் சொல்லப் போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

எல்லையில் வளரும் பிள்ளைக்கு "நம்ம டீம்" என்பது மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல அத்தனை எளிதான விஷயம் கிடையாது. திருச்சியில் இருப்பவனை யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே வீட்டில் தமிழ், பள்ளிப் பேருந்தில் மலையாளம், ரேஷன் கார்டு கேரளம், மாமன் வீடு பொள்ளாச்சி. வகுப்பில் யாராவது ஒருத்தன் எப்போதாவது "நீ தமிழனா, மலையாளியா?" என்று கேட்டே தீருவான். பாதிப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு முதன்முதலாகப் பதில் சொல்வது ஒரு ஜெர்சியை வைத்துத்தான். உங்கள் மகன் பிளாஸ்டர்ஸ் சட்டை போட்டது அப்பாருவை மறுத்துப் பேச என்று நினைக்க வேண்டாம். அவன் தினமும் எட்டு மணி நேரம் இருக்கும் இடத்தில் தனக்கும் ஒரு பெஞ்சு வேண்டும் என்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அதைப் போய் மொழிப்பற்றுப் பரீட்சை ஆக்கிவிட்டால் அவனால் அதில் தேற முடியாது. எந்தப் பதில் சொன்னாலும் ஒரு பக்கம் தப்பாகிவிடும்.

பெரியவரிடமும் இதைச் சொல்லலாம். அவர் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், 1992இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்தின் இறுதிப் போட்டி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. வி.பி. சத்யன் தலைமையில் கேரளா, கோவாவை 3-0 என்று வென்றது. 1973க்கு அப்புறம் கேரளாவுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. எங்கள் மாமனார் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர். தமிழ்நாட்டு மண்ணில், வாளையாறு எல்லை தாண்டி வந்த கூட்டத்தோடு நின்று கேரளாவுக்குக் கத்திவிட்டு, வெளியே வந்து கடையில் தமிழில் டீ சொல்லிக் குடித்துவிட்டு வீடு திரும்பினார். அன்றைக்கு யாரும் அவரிடம் கொடிக் கணக்குக் கேட்கவில்லை. நல்ல ஆட்டம், பக்கத்து ஊர்ப் பையன்கள், கையில் டிக்கெட், அது போதும். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். சண்டையாக இல்லாமல் கதையாகக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

இன்னொன்று. ஒரு வீட்டில் ஒரே அணி என்ற கட்டாயம் நம் பக்கத்துப் பழக்கமே கிடையாது. 1986 உலகக் கோப்பையை மரடோனா வென்றதை டிவியில் பார்த்த தலைமுறை அர்ஜென்டினாவுக்குப் போனது. அதற்கு முன்பே பேப்பரில் பெலேயைப் படித்த தலைமுறை பிரேசிலோடு நின்றது. அண்ணன் பிரேசில், தம்பி அர்ஜென்டினா, மச்சான் போர்ச்சுகல் என்று ஒரே கூரைக்குக் கீழே மூன்று கொடி கட்டும் ஊர் இது. 2022 உலகக் கோப்பைக்கு முன்னால் கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றில் மெஸ்ஸிக்கு ஒரு கட்-அவுட் வைத்தார்கள். பிரேசில் ரசிகர்கள் அதைவிட உயரமாக நெய்மருக்கு வைத்தார்கள், அப்புறம் ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். அந்தப் படத்தை ஃபிஃபாவே எடுத்துப் போட்டது. ஒரே ஊர்க்காரர்கள்தான், மறுநாள் ஒரே கடையில் புட்டு சாப்பிட்டவர்கள்தான். யாரோ பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஆடும் அணிகளுக்காக இத்தனை இடம் கொடுக்கத் தெரிந்த வீடு, சென்னைக்கும் கொச்சிக்கும் நடுவில் ஏன் இறுகிப்போகணும்?

சரி, வயதுக்கு வருகிறேன். நான் பள்ளியில் கண்டவரை, ஆறு ஏழு வயதில் பிள்ளை நேசிப்பது அணியை இல்லை, அப்பாவின் மடியை. விசில் போடத் தெரிகிறது, தோனியைத் தெரிகிறது, ஸ்கோர் புரிவதில்லை. ஒன்பது பத்து வயதில் எண்கள் பிடிக்கும். யார் எத்தனை அடித்தார், யார் எத்தனை விக்கெட் என்று ஒப்பிப்பார்கள், அப்பாவைத் திருத்துவார்கள். பதினொன்றிலிருந்து பதினான்குக்குள் நண்பர்கள் வந்துவிடுவார்கள். அப்போதுதான் அணி மாறும், அல்லது விளையாட்டே மாறும். சில பிள்ளைகள் வீட்டு அணியிலேயே இருப்பார்கள், ஆனால் வேறு ஒரு வீரரைப் பிடித்துக்கொள்வார்கள். இது நடக்காத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும். தனக்கென்று ஒரு விருப்பத்தைச் சொல்லிப் பார்க்க இதைவிட ஆபத்தில்லாத இடம் வீட்டில் வேறு எது? படிப்பு, தொழில், கல்யாணம் எல்லாவற்றிலும் அவன் ஒரு நாள் "எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்" என்று சொல்லித்தான் ஆகணும். அதை இப்போது ஒரு பந்து விஷயத்தில் சொல்லிப் பழகுகிறான். அப்பா அதைக் கேட்டு என்ன செய்கிறார் என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சஞ்சு சாம்சனின் அப்பா டெல்லி போலீஸ் அணியில் கால்பந்து ஆடியவர். மகனுக்குப் பிடித்தது கிரிக்கெட். அந்த மனிதர் தன் ஆட்டத்தை மகன் தலையில் கட்டவில்லை. பையனுக்கு டெல்லியில் வழி கிடைக்கவில்லை என்றதும் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருவனந்தபுரத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பையன்தான் 2025 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தான். அன்றைக்கு எங்கள் பள்ளியில் தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே மூச்சில் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பற்று, மலையாளிப் பற்று என்று நாம் கோடு போட்டு வைக்கிறோம், ஒரு ஏலக்காலத்தில் அது அழிந்துவிடுகிறது. உங்கள் மகனும் கிரிக்கெட்டில் இன்னும் மஞ்சள்தானே? கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டர்ஸும் மஞ்சள், சூப்பர் கிங்ஸும் மஞ்சள். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரே டீ-சர்ட் இரண்டு சீசனுக்கும் உழைக்கிறது.

தோல்விதான் இதில் பெரிய விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடமும் அதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 1976இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகமாக அணிந்து வந்தார்கள். ஜெயித்ததைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்றார்கள், தோற்றதைப் பற்றிப் பேசும்போது "அவர்கள்" என்றார்கள். இதற்கு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை, நம் திண்ணையிலேயே கேட்கலாம். "நாம ஜெயிச்சிட்டோம்", "அவனுக தோத்துட்டானுக."

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். பிளாஸ்டர்ஸ், ஐஎஸ்எல் என்ற இந்தியக் கால்பந்து லீக்கில் மூன்று முறை இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்ற அணி. 2014இலும் 2016இலும் கொல்கத்தாவிடம், 2022இல் ஹைதராபாத்திடம். அதில் 2016 இறுதி கொச்சியிலேயே, சொந்தக் கூட்டத்துக்கு நடுவில், பெனால்டியில் போனது. 2022உம் பெனால்டிதான். சென்னையின் எஃப்சி 2015இலும் 2018இலும் கோப்பை வாங்கிய அணி. வெறும் வெற்றிக்காக என்றால் அவன் உங்கள் பக்கமே இருந்திருப்பான். தோற்கிற அணியைத் தானாகத் தேர்ந்தெடுத்து, தோற்ற பிறகும் "நாங்க" என்று சொல்கிற பிள்ளையிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளுங்கள், அவன் காதுபட ஒரு தடவை சொல்லவும் செய்யுங்கள்.

2022 நவம்பர் 22ஆம் தேதி மத்தியானம் அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. மறுநாள் எங்கள் ஸ்கூல் கிரவுண்டில் அர்ஜென்டினாப் பையன்களை யாரும் நிற்கவிடவில்லை. பலர் ஒரே ராத்திரியில் பிரான்ஸ் ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். ஏழாவது படித்த ஒரு பையன் மட்டும் யூனிஃபார்ம் சட்டைக்கு உள்ளே நீலமும் வெள்ளையும் கோடு போட்ட ஜெர்சியோடு வந்திருந்தான். காலரில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கிண்டல் பண்ணியவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, பட்டனும் போட்டுக்கொள்ளவில்லை. டிசம்பர் 18ஆம் தேதி ராத்திரி மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். மறுநாள் கிறிஸ்துமஸ் பரீட்சை நடந்துகொண்டிருந்த பள்ளிக்கு அவன் அதே ஜெர்சியை அதே மாதிரி உள்ளே போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு ஜெர்சியோடு வந்தவர்கள் நிறையப் பேர். நான் அவன் ஒருத்தனை மட்டும்தான் கூப்பிட்டுக் கை கொடுத்தேன்.

அதனால் சோகம் வருவது தப்பில்லை. சாப்பிடாமல் இருப்பதும் கதவைச் சாத்துவதும்தான் கவனிக்க வேண்டியவை. நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். தோற்ற உடனே பேசுவதில்லை. "வெறும் விளையாட்டுதானே" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஜெயித்தபோது அதை வெறும் விளையாட்டு என்றா சொன்னோம்? சாப்பாட்டுத் தட்டை மட்டும் அறைக்குள் அனுப்ப மாட்டோம். "வா, பேசாம உட்கார்ந்து சாப்பிடு, யாரும் மேட்ச் பத்திப் பேசமாட்டோம்" என்று கூப்பிடுவோம், பேசவும் மாட்டோம். மறுநாள் சாயங்காலம் மகளே ஆரம்பிப்பாள். "அந்த லெஃப்ட் பேக் ஏன் மேலே ஏறினான்" என்று. அங்கிருந்து பேச்சு நல்லபடியாகப் போகும். ஒரு நாள் தாண்டி, இரண்டு நாள் தாண்டி, பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கம் கெடுவது, நண்பர்களை ஒதுக்குவது என்று நீண்டால் அது பந்து விஷயமாக இருக்காது. வேறு ஏதோ ஒன்று பந்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்போது வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. கோபம். 2023 மார்ச் 3, பெங்களூருவில் பிளாஸ்டர்ஸுக்கும் பெங்களூருவுக்கும் பிளே-ஆஃப். 0-0 என்று முடிந்து கூடுதல் நேரம் போனது. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் தடுப்புக்கு ஆட்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். பிளாஸ்டர்ஸ் ரசிகையான என் மகளுக்கு அப்போது 14. டிவியில் காலி மைதானத்தைக் காட்டுகிறார்கள். அவள் எழுந்து நின்று, "சரிதான், இப்படித்தான் பண்ணோணும்" என்று கத்துகிறாள். ஃபோனில் கூட்டாளிகள் எல்லாரும் ரெஃப்ரியைக் கண்டபடி திட்டி எழுதுகிறார்கள். மாமனார் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார்.

"ஏங்கண்ணு, ரூல் என்னன்னு உங்கம்மாவக் கேளு மொதல்ல."

நான் சொன்னேன். ரெஃப்ரி விசிலுக்குக் காத்திரு என்று சொல்லாதவரை அடிக்கலாம், சுவர் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. "அப்போ கோல்தானா?" என்றாள். எனக்குத் தெரிந்தவரை கோல்தான் என்றேன். அழுதுவிட்டாள்.

"செரி, கோல் இல்லைன்னே வெச்சுக்க. அதுக்காகக் கெளம்பிப் போறதா? தோக்கறதுன்னாலும் கடைசி நிமிசம் வரைக்கும் கெரவுண்டுல நின்னு தோக்கோணும்" என்றார் அவர்.

அவளுக்கு அன்று அது ஏறவில்லை. கொச்சி விமான நிலையத்தில் பயிற்சியாளரை வரவேற்கப் பெரிய கூட்டம் கூடியதைக் காட்டி, "பாருங்க, எல்லாரும் அவர் பக்கம்தான்" என்றாள். கொஞ்ச நாளில் தண்டனை வந்தது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. அதற்கு அப்புறம் அவள் அணியை விடவில்லை, அவர் செய்ததைச் சரி என்று சொல்வதை விட்டாள். தனக்குப் பிடித்தவர் தப்பு செய்யலாம், தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டும் அவரைப் பிடித்திருக்கலாம். பதினான்கு வயதில் இதை நான் பாடமாக நடத்தியிருந்தால் ஏறியிருக்குமா? அப்பாரு பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததால் ஏறியது. சோபாவை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் அப்பா எழுந்து போன அன்று பையன் இழந்தது இந்த மாதிரி ஒரு பேச்சை.

பெரியவர்கள் நம் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்பயரைத் திட்டுவது, எதிரணி வீரரின் நிறத்தையும் ஊரையும் சொல்லித் திட்டுவது எல்லாம் ஆறு வயதிலேயே பிள்ளை காதில் விழுந்துவிடும். தமிழர்களை இழிவாகச் சொல்லும் "பாண்டி" என்று இந்தப் பக்கமும் அதற்குப் பதிலாக ஒரு சொல் அந்தப் பக்கமும் எங்கள் மைதானத்திலும் கேட்கும். என் வகுப்பில் அதைச் சொன்னவன் அன்றைக்கு ஆட மாட்டான், எந்த மீடியமாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டு டிவி முன்னாலும் அதே விதி இருக்கட்டும். ஃபோனில் அவன் என்ன எழுதுகிறான் என்றும் எப்போதாவது கேளுங்கள். திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டாம். "உன் குரூப்பில் இன்னைக்கு என்ன ஓடுது?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் காட்டிவிடுவார்கள்.

படிப்பைப் பற்றி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொத்தமாக நிறுத்துவதில் பயன் இல்லை. நிறுத்தினால் ஆட்டம் நிற்காது, உங்களோடு சேர்ந்து பார்ப்பது மட்டும்தான் நிற்கும். மிச்சத்தை அவன் போர்வைக்குள் ஃபோனில் பார்ப்பான். நான் கறாராக இருப்பது தூக்கத்தில்தான். 13 வயதுக்கு மேல் ஒரு பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐஎஸ்எல் 7.30க்குத் தொடங்கினால் 9.30க்கு முடிந்துவிடும், பிரச்சினையே இல்லை. ஐபிஎல் பதினொன்றரை வரை இழுக்கும், அதை வெள்ளி சனிக்கு வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆட்டங்கள் பலவும் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித்தான், அதற்குக் காலையில் ஹைலைட்ஸ். எந்த ஆட்டம் முழுசாக, எது ஹைலைட்ஸ் என்று சீசன் தொடக்கத்திலேயே அவனை வைத்தே அட்டவணை போடச் சொல்லுங்கள். அவன் கையால் எழுதியதை அவன் மீறுவது குறைவு.

பணம் கட்டி அணி அமைக்கும் ஆப்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, பெரிய நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. ஆனாலும் டீக்கடை பெஞ்சில், கல்லூரிப் பையன்களின் ஃபோனில் வேறு வழியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "அணிக்காகக் கத்து, அழு, என்ன வேணா பண்ணு, ஒரு ரூபாய் கட்டக் கூடாது" என்று பதிமூன்று வயதிலேயே சொல்லி வையுங்கள். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ரசிகன் காலில் பந்து படணும். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எங்கே பார்த்தாலும் டர்ஃப் மைதானம் வந்துவிட்டது, வாடகை பகிர்ந்து ஆடுகிறார்கள். அதற்கும் வழியில்லை என்றால் அறுப்பு முடிந்த வயல் இருக்கிறது. பிளாஸ்டர்ஸ் பையனும் சென்னைப் பையனும் ஒரே அணியில் ஆடித் தோற்றால் டிவிச் சண்டை பாதி குறைந்துவிடும். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோகுலம் கேரளா பெண்கள் அணி தேசிய லீக் பட்டத்தை மூன்று முறை வென்றது. 2022-23இல் வென்றபோது அந்த அணியில் தமிழ்நாட்டு இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இருந்தார்கள். அதற்கு முன் 2018-19இல் மதுரையின் சேது எஃப்சி வென்றது. என் மகள் கோகுலத்துக்காகக் கத்த ஆரம்பித்தது இந்துமதியால்தான். அவள் கணக்கில் அது தமிழ் அணி, கேரள அணி இரண்டும்தான்.

கடைசியாகக் கொச்சி. கூட்டிப் போங்கள். ஆனால் முதலில் பக்கத்தில் ஒரு செவன்ஸ் ஆட்டத்துக்குப் போய்ப் பழக்குங்கள். ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில், ஃப்ளட்லைட் வெளிச்சத்தில், மூச்சு வாங்குவது காதில் விழும் தூரத்தில் வீரர்களைப் பார்க்கலாம். டிவியில் அது கிடைக்காது. போகும்போது கேலரியை மட்டும் பார்த்து ஏறுங்கள். பாலக்காட்டுக்காரரான ஆர். தனராஜன், மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர், 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடும்போது களத்திலேயே சரிந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். இந்திய அணியின் முன்னாள் கேப்டன்கள் ஐ.எம். விஜயனும் பைச்சுங் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக கேலரி சரிந்து பலருக்கு அடிபட்டது. நல்ல காரியத்துக்குக் கூடிய கூட்டம் என்பதால் மரம் தாங்கிவிடாது. ஆட்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டே இருந்தால் கீழே நின்று பாருங்கள், கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் ஆட்டமும் நன்றாகத் தெரியும்.

கொச்சியின் கலூர் ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் பாலக்காடு ஜங்ஷனில் ரயில் ஏறி ஆலுவாவில் இறங்கிவிடுங்கள். எர்ணாகுளம் வரை போய் ஆட்டோவில் மாட்ட வேண்டாம். ஆலுவாவிலிருந்து மெட்ரோ, ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. திரும்பும் ரயிலைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கணும், அல்லது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். பைக்கில் போகும் யோசனை யாருக்கும் வேண்டாம். 2022 இறுதிப் போட்டி பார்க்க கோவாவுக்கு பைக்கில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள் காசர்கோடு தாண்டுவதற்குள் விபத்தில் போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை நான் இன்னும் மறக்கவில்லை. பெரிய பையன்கள் யாராவது "நாங்க கூட்டிப் போறோம்" என்று வந்தால் இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை இருக்கும் கிழக்கு கேலரிக்கு மகன் ஆசைப்படுவான். முதல் தடவை அங்கே வேண்டாம், தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே பாடும் இடம் அது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கும் இடமாக எடுங்கள். ஏனென்றால் அப்பாருவும் உங்களோடு வரணும். சென்னையின் எஃப்சி ஆடும் நாளாகவே பார்த்து மூன்று டிக்கெட் எடுங்கள், பையன் ஒரு பக்கம் கத்தட்டும், அவர் ஒரு பக்கம் கத்தட்டும், நீங்கள் நடுவில் உட்காருங்கள். முட்டி வலிக்கிறது, அவ்வளவு தூரம் முடியாது என்று அவர் சொல்வார். டிக்கெட்டை எடுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.